ஃபர்வானியாவில் மூன்றாவது நாற்காலி

மனநலப் பிரிவில் மொழிபெயர்ப்பாளர் வேலை என்றால், இரண்டு பேர் மனம்விட்டுப் பேசும் அறையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து, தான் அங்கே இல்லாதது போல இருந்துகொண்டு, இரண்டு பேருக்காகவும் தானே பேசுவது.

நான் படித்தது நர்சிங். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். குவைத்தில், ஃபர்வானியாவில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவளை, "உனக்குத் தமிழ் தெரியுமல்லவா, ஒரு நிமிஷம் வா" என்று மனநல டாக்டர் கூப்பிட்டார். அந்த ஒரு நிமிஷம் பதினோரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. டாக்டர் எகிப்துக்காரர். அவர் ஆங்கிலத்தில் கேட்பார், வருகிறவர்கள் தமிழில் சொல்வார்கள், நடுவில் நான். வளைகுடாவில் கொஞ்ச காலம் இருந்தவர் என்றால் உங்களுக்கே தெரியும். நம் எல்லாருக்கும் முதுகு வலிக்கும், வயிறு எரியும், தலை சுற்றும். மனசு சரியில்லை என்று மட்டும் ஒருவரும் சொல்லமாட்டோம். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

மேல் கட்டில்

முருகேசன் அரியலூர்க்காரர், கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர். புழுதி அடித்து, சூரியன் பால் பல்பு மாதிரி வெளுத்துக் கிடந்த ஒரு மதியம் வந்தார். நெஞ்சு மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கிறதாம். ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருந்ததால் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். "வருத்தமாக இருக்கிறாரா, கேள்" என்றார் டாக்டர். கேட்டேன். "அதெல்லாம் இல்ல சிஸ்டர், நெஞ்சுதான்" என்றார் முருகேசன். டாக்டர் சீட்டில் எழுதத் தொடங்கினார்.

மொழிபெயர்ப்பவர் சொந்தமாகக் கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. அன்று மீறினேன். "சாப்பாடு இறங்குதா அண்ணே? படுத்தாத் தூக்கம் வருதா?" அவர் ஏசியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். கேம்ப் ரூமில் இரண்டடுக்குக் கட்டில். கீழே இவர், மேலே ஏழு வருஷமாகச் செல்வம் என்ற ஊர்க்காரர். ஒரு காலையில் டூட்டிக்கு எழுப்பினால் செல்வம் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. உடல் ஊருக்குப் போய்விட்டது. "கலாஸ், முடிஞ்சுபோச்சு, வேலையைப் பார்" என்றுவிட்டார் ஃபோர்மேன். கட்டில் மட்டும் காலியாகக் கிடக்கிறது. கண்ணை மூடினால் ஆள் புரண்டு படுப்பது போல மேல் பலகை கீழே வளைகிறது. உடனே நெஞ்சில் பாரம் ஏறுகிறது.

நான் சொல்லச் சொல்ல டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அதன்பிறகு ஆறு வாரம் முருகேசன் வந்தார். செல்வம் குளிக்கும்போது பாடுவது, ரசத்தில் உப்பு போட மறப்பது, ஊரில் கட்டிய வீட்டுக்கு எந்த நிறம் அடிப்பதென்று முடிவு செய்யாமலே இருந்தது என்று செல்வத்தைப் பற்றி மட்டுமே பேசினார். ஆறாவது வாரம் நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார். ரூம் மாற்றிக் கொடுத்தார்களா என்று கேட்டேன். "இல்ல சிஸ்டர். நானே மேல ஏறிப் படுத்துட்டேன். இப்ப அந்தக் கட்டில் காலியா இல்ல பாருங்க."

சமையலறைப் பேச்சு

ஒரு குவைத்தி அம்மா தன் வீட்டில் வேலை செய்யும் யோகராணியை அழைத்து வந்தார். யோகராணி வவுனியாவைச் சேர்ந்தவர். "சமையலறையில் தனியாகப் பேசுகிறாள், பிள்ளைகள் பயப்படுகிறார்கள். புத்தி சரியில்லை என்றால் சொல்லுங்கள், ஊருக்கு அனுப்பிவிடுகிறேன்" என்றார். டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

யோகராணி என் பக்கம் திரும்பினார். "நான் விசரி இல்ல அக்கா. மகளோடதான் கதைக்கிறன்." வெள்ளிக்கிழமை மட்டும் அரை மணி நேரம் போன். அந்த அரை மணியும் அழுகையிலேயே போய்விடுகிறது. அதனால் வாரம் முழுக்கச் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்து வைக்கிறாராம். "இண்டைக்குப் பால் பொங்கி வழிஞ்சது, மாடத்தில புறா முட்டை இட்டிருக்கு, எல்லாம் சொல்லோணும். சொல்லிச் சொல்லிப் பார்க்காட்டி மறந்துபோகுது."

யோகராணியின் சம்மதம் கேட்டுக்கொண்டு டாக்டர் அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டு அரபியில் விளக்கினார். அவர் கைப்பையின் ஜிப்பை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். அந்த வாரத்திலிருந்து தினமும் சாயங்காலம் போன் யோகராணி கையில் இருந்தது என்பது பிறகு எனக்குத் தெரிந்தது. தன் தாயார் இறந்து மூன்று வருஷம் ஆகிறது என்று அன்று அந்த அம்மா சொன்னார். அடுத்து அவர் சொன்னதை டாக்டர்தான் எனக்கு மொழிபெயர்த்தார்: "நானும் சமையலறையில் அம்மாவோடு பேசுகிறவள்தான். எனக்கு வெள்ளிக்கிழமைகூடக் கிடையாது."

மகளுக்குத் தமிழ் வரவில்லை

மங்காஃபில் குடியிருந்த சேவியர், கன்னியாகுமரிப் பக்கம் விசைப்படகு ஓட்டியவர். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததும் படகைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் குடும்ப விசாவில் வந்திருந்தார். எட்டு வயது மகளைக் கூட்டி வந்து, "தமிழே பேச மாட்டேங்குறா, மண்டையில எதும் கோளாறா பாருங்க" என்றார். அந்தப் பெண் ஆங்கிலத்தில் சளசளவென்று பேசினாள். ஏன் தமிழ் பேசுவதில்லை என்று கேட்டேன். ஆங்கிலத்திலேயே சொன்னாள்: அம்மா டூட்டிக்குப் போய்விடுவாள், அப்பா பேசவே மாட்டார், நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பார், பிறகு யாரிடம் கற்றுக்கொள்வது?

அதை அப்படியே அவரிடம் தமிழில் சொன்னேன். சேவியர் குனிந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து நோயாளி நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். வந்து ஏழு வருஷத்தில் வாய்விட்டுப் பேச ஆள் கிடைத்தது அங்கேதான் என்றார். தினமும் சாயங்காலம் மகளோடு கடற்கரைக்குப் போய், கடலையும் காற்றையும் பற்றி அவளுக்குச் சொல்லவேண்டும் என்பது டாக்டர் எழுதிய சீட்டு. இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் அறைக்குள் வந்தாள். ஜன்னலுக்கு வெளியே பேரீச்ச மரத்தின் ஓலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவள் அதைப் பார்த்தாள். "இன்னைக்கு வாடைக்காத்து ஆன்ட்டி. அப்பா நிறையப் பேசுவாங்க."

தாழ்வு மண்டலம்

ஏசி மெக்கானிக் ரவி நாகப்பட்டினத்துக்காரர், முப்பது வயதிருக்கும். நல்ல வெயிலில், கம்பெனி சட்டையோடு, இடுப்பளவு கடல் தண்ணீரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்று ரூம்காரர்கள் இருவர் கூட்டி வந்தார்கள். "தண்ணி இளஞ்சூடா இருந்துச்சு சிஸ்டர். எழுந்திரிக்கத் தோணல" என்றார் ரவி. சாகவேண்டும் என்று நினைத்தாரா, நேராகக் கேள் என்றார் டாக்டர். நம்மில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. இருந்தும் கேட்டேன். ரவி என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா சிஸ்டர். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

டாக்டர் வெகுநேரம் அவரோடு பேசிவிட்டு, "இது டிப்ரஷன்" என்றார். அன்று முதல் தடவையாக ரவியின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "டிப்ரஷனா? எங்க ஊர்ல அது வந்தா ரெண்டு மூணு நாள்ல கரையைக் கடந்துடுமே." வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலத்தை எகிப்துக்காரருக்கு விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. "இது கரையைக் கடக்க அதைவிட நாள் எடுக்கும். அதுவரை இவர் தனியாக இருக்கக் கூடாது, மருந்தை நிறுத்தக் கூடாது, சொல்" என்றார். ரூம்காரர்கள் முறை வைத்துக்கொண்டு கூடவே இருந்தார்கள். வாராவாரம் யாராவது ஒருவர் கூட்டி வந்தார்.

ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு ரவி தனியாக வந்தார். தலை வாரி, சட்டை இஸ்திரி போட்டு இருந்தது. "என்ன ரவி, கரையைக் கடந்தாச்சா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "இன்னும் இல்ல சிஸ்டர். ஆனா வலுவிழந்துடுச்சு. மழை மட்டும் அப்பப்ப இருக்கு."

இத்தனை பேர் மனதையும் வார்த்தை பிசகாமல் எடுத்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனதும், "ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்று கணவர் கேட்டால், "இடுப்பு வலி" என்றுதான் எனக்கும் வாயில் வருகிறது.