குத்துவிளக்கு யார் வீட்டுப் பிள்ளை

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றுபோனது. மாடியில் பூஜைச் சாமான் பிரிவு என் பொறுப்பு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு நடந்துபோய், படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்கு ரசஞ்சாதம் ஊட்டிவிட்டுத் திரும்பிவிடலாம். இந்த வேலையே கற்பகாம்பாள் பார்த்துக் கொடுத்ததுதான்.

அதற்குப் போன வருஷம் ஆபத்து வந்தது. கடையில் புதிதாக ஒரு ரிப்போர்ட் போட்டார்கள். கம்ப்யூட்டரில் குடும்ப மரம் மாதிரி இருக்கும். உச்சியில் கடை, அதன் கீழே எவர்சில்வர், பித்தளை, பூஜை என்று பிரிவுகள், ஒவ்வொன்றின் கீழேயும் சாமான்கள். அதைப் பார்த்துவிட்டு முதலாளி அண்ணாச்சி மாடிக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா, ஒங்க பிரிவு இப்படிப் படுத்துக் கெடக்கு? திரியும் கற்பூரமும் தவிர ஒண்ணும் விக்கலியே. மாடிய நான்ஸ்டிக்குக்குக் குடுத்துட்டு ஒங்கள பெருங்குடி குடோனுக்கு அனுப்பிரலாமான்னு பாக்கேன்."

பெருங்குடிக்குப் போனால் மத்தியானம் மாமியாருக்கு யார் ஊட்டுவது?

"அண்ணாச்சி, குத்துவிளக்கு, மணி, தூபக்கால் எல்லாம் நான்தானே விக்கிறேன்?" என்றேன்.

"அதெல்லாம் பித்தளையில ஏறிருக்கு."

பேச்சைக் கேட்ட மேனேஜர், அதே விளக்குகளைப் பூஜைக்குக் கீழேயும் சேர்த்துவிட்டார். மறுநாள் என் பிரிவு தளதளவென்று நின்றது. ஆனால் விளக்கெல்லாம் இரண்டு தரம் கூடி, மொத்தக் கடை விற்பனையும் ஏறிவிட்டது. அண்ணாச்சி கத்தினார். "கல்லாவுக்கு வராத யாவாரம் கம்ப்யூட்டருக்கு மட்டும் எங்கேருந்துய்யா வந்துச்சு?" விளக்கு பழையபடி பித்தளைக்கே போயிற்று.

லிப்ட்காரத் தம்பி என்னைப் பார்த்து, "இன்னாக்கா, மூஞ்சி வாடிப்போய்க் கீது? குடோன்ல காத்து நல்லா வரும்க்கா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் அம்பாள் சந்நிதியில் நின்று, "தாயே, நீயே ஒரு வழி பண்ணு" என்று அழுதேன்.

அந்த வாரமே ரிப்போர்ட் போட்டுக்கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தது. என் மகள் வயதுதான் இருக்கும். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, என்னையும் அண்ணாச்சியையும் திரைக்கு முன்னால் உட்காரவைத்தது.

"சார், ஒரு சாமானுக்கு ஒரு பேரன்ட்தான். விளக்குக்குப் பித்தளை. பூஜைக்குக் கீழ அதை இன்னொரு தரம் புதுசா சேர்க்கக் கூடாது. ஒரு இணைப்பு மட்டும் கொடுக்கணும்."

"பித்தளைக்கு எதும்மா புள்ளகுட்டி? புரியுற மாதிரி சொல்லு."

"பூஜையைத் திறந்தா விளக்கும் தெரியும், வித்ததும் தெரியும். ஆனா கடை மொத்தம் கூட்டும்போது பித்தளையில மட்டும்தான் கூடும்."

அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டார்.

"எங்க ஊர்க் கோயில் கொடைக்குக் குடும்பத்துக்கு இவ்வளவுன்னு தலைக்கட்டு வரி போடுவோம். கட்டிக்குடுத்த மகளுக்கு வரி மாப்பிள்ள ஊருல மட்டும்தான். ஆனா நம்ம கோயில்லயும் அவ பொங்கல் வைப்பா. வரி ஒரு எடம், பொங்கல் ரெண்டு எடம். அப்படியா?"

"அதேதான் சார்!" அந்தப் பெண் கைதட்டிவிட்டது.

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கப்பிடாதா?"

அன்று மாலைக்குள் மாற்றிக் கொடுத்துவிட்டது. பூஜையைத் திறந்தால் என் விளக்குகள் வரிசையாக நின்றன. கடை மொத்தம் கல்லாவோடு ஒத்துப்போனது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "நான்ஸ்டிக் கீழயே இருக்கட்டும். நீங்க மாடிக்குப் போங்க, ஆளு நிக்கி" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல ஓடினேன். "ஐயோ ஆன்ட்டி, இது என் வேலைதானே" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. அதற்கு அது ஒரு நாள் வேலை. எனக்கு அது குடும்பம்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணுக்காக அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேர், நட்சத்திரம்?" என்றார். அப்போதுதான் உறைத்தது, இரண்டையும் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"தெரியாது சாமி. நல்ல பொண்ணு."

அவர் சிரித்தார். "அம்பாளுக்குத் தெரியும். அம்பாள் பேருக்கே பண்ணிடறேன்."