நஷ்டத்தில் என் தங்கையின் பங்கு

என் தங்கைக்கு நான் வட்டிப் பணத்தைத் தின்னக் கொடுத்தேன். ஆறு வருடம்... கடை லாபம் என்று பொய் சொல்லி!

எங்களைப் பெற்ற அத்தாவுக்குத் திண்டுக்கல்லில் தோல் கிடங்கு இருந்தது. அவர் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு கூட்டாளியே அதை எடுத்துக்கொண்டார். எங்களுக்குச் சேரவேண்டிய பணத்தை மொத்தமாகக் கொடுக்க வழியில்லை, மாதாமாதம் தருகிறேன் என்று ஜமாத்தில் எழுதிக் கொடுத்தார். தவறாமல் தந்தும் வந்தார். மார்க்க முறைப்படி எனக்கு இரண்டு பங்கு, தங்கை மும்தாஜுக்கு ஒன்று.

கணவனை இழந்தவள் அவள். தன் பங்கை என்னிடமே விட்டாள்.

"சிக்கந்தர் மச்சான் பிரியாணிக் கடையில கூட்டுக்குப் போட்ருண்ணே. லாபமோ நஷ்டமோ வரட்டும். வட்டிக்கு மட்டும் விட்டுறாத. அந்த ஹராம் நமக்கு வேணாம்."

சரி என்றேன். சிக்கந்தர் எங்கள் மாமா மகன். பணத்தோடு போனால், நடு மத்தியானத்தில் மனுஷன் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்! வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு என் பங்கைக் கொடுத்தேன். அவள் பங்கைக் கொடுக்கக் கை வரவில்லை. விதவையின் பணமாயிற்றே... பேங்கில் போட்டேன். இந்த ஒரு மாதம்தான் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அப்படித்தான் நினைத்தேன்.

வருடா வருடம் விழுந்த வட்டியை லாபம் என்று அவள் கையில் வைத்தேன். பஸ்ஸில் போகும்போது கடையை எட்டிப் பார்த்து, "எம்புட்டுக் கூட்டம்ணே! அல்லாஹ் பரக்கத் செய்றான்" என்பாள். கடை நிழலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் அவர்கள்! அந்த 'லாப'த்தைச் சேர்த்து மக்காவுக்கு உம்ராவும் போய்வந்தாள். கஅபாவின் முன் எனக்காக அழுது துஆ கேட்டாளாம்... எந்தக் காசில் போய்!

போன மாதம் கடையை மூடிவிட்டார்கள். என் பணம் போயிற்று. ஹலாலான என் பணம் போயிற்று. அவளுடையது மட்டும் பேங்கில் பத்திரமாக இருக்கிறது. இது என்ன கணக்கு? எனக்குப் புரியவில்லை.

தன் முதலும் முழுகிவிட்டதென்று நம்பிக்கொண்டு மறுநாளே வந்தாள். கையிலிருந்த இரண்டு தங்க வளையல்களையும் கழற்றி என் முன்னால் வைத்தாள்.

"மச்சானைக் கடன்காரங்க நெருக்குறாங்களாம். லாபத்தைத் தின்னுட்டு நஷ்டத்துல ஒதுங்குனா நல்லாவா இருக்கும்? இதைக் குடுத்துருண்ணே."

இப்போதே சொல்லிவிடு என்றது மனம். வாயைத் திறந்தேன்... "டீ குடிச்சிட்டுப் போம்மா" என்றேன்! தூ!

நான் அவளைக் காப்பாற்றினேனா, கெடுத்தேனா? பேங்குப் பணத்தை எடுத்து நீட்டினால் ஏதுண்ணே என்பாள். உண்மையைச் சொன்னால் அவள் உண்ட சோறு, போன உம்ரா, அழுத அழுகை எல்லாம் என்னவாகும்? சொல்லாவிட்டால் அவள் சொத்தும் என்னிடம், வளையலும் என்னிடம்! வளையலை மச்சானிடம் கொடுக்கலாம்தான். இல்லாத கூட்டுக்கு எதற்கம்மா என்று அவர் அவளையே கேட்டுவிட்டால்? என் இடத்தில் நீ என்றால் என்ன செய்வாய்? வேண்டாம், சொல்லாதே... நீ என்ன சொன்னாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று வந்திருந்தாள். சோறு போட்டுக்கொண்ட கையில் ஒரு கண்ணாடி வளையல்கூட இல்லை.

"மச்சான் வாங்கிக்கிட்டாராண்ணே?"

"வாங்கிக்கிட்டார்மா."

"இப்பத்தாண்ணே மனசு லேசா இருக்கு" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.

வளையல்கள் என் பீரோவில், சட்டைகளுக்கு அடியில் இருக்கின்றன.