ஒரு டைல் பின்னாடி

நான் மராத்திக்காரங்க ஊர்ல, போசரிங்கற எடத்துல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில குவாலிட்டி செக்கிங் பாக்கறவனுங்க. அளந்து பாக்காம ஒரு சின்ன போல்ட்டைக்கூட பாஸ் பண்ண மாட்டேன். பேய், ஆவின்னு யாராச்சும் ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிடற ஆளு. இப்ப நானே சொல்றேன், நீங்க சிரிச்சாலும் சரி.

என் சம்சாரம் கவிதாவுக்கு அப்ப ஏழாவது மாசம். பிரஷர் ஜாஸ்தியா இருக்கு, கோயமுத்தூருக்கெல்லாம் போகக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அதனால வளைகாப்பை நாங்க குடியிருக்கற சிஞ்ச்வட்ல எங்க அபார்ட்மெண்ட் சொசைட்டி ஹால்லயே வெச்சுட்டோம். இதுல ஒண்ணு சொல்லோணும். கவிதாவோட அக்கா சாந்தி, இதே பிரஷர்லதான் மொதப் பிரசவத்துல போய்ட்டாங்க, கொழந்தையும் தங்கலை. எங்க கல்யாணத்துக்கு முன்னாடி நடந்தது, நான் அவிங்களைப் பாத்ததே இல்லை. வீட்ல யாரும் அதைப் பத்தி வாயே தொறக்க மாட்டாங்க, ஆனா ஒவ்வொரு செக்கப்புக்கும் எங்க ரெண்டு பேரு மனசுலயும் அதுதான் ஓடும். எனக்குப் பயமுங்க, ஒத்துக்கறேன்.

கவனத்தைத் திருப்பத்தானோ என்னவோ அப்பத்தான் கேமரா வாங்கியிருந்தேன். எந்த லென்ஸ் ஒத்து வரும்னு தெரியலை. கூட வேலை பாக்கற குல்கர்ணி இதுல பழம் தின்னு கொட்டை போட்ட ஆளு, அவன் ஒரு வழி சொன்னான். கேமராவோட வந்த ஜூம் லென்ஸ் நகராம டேப் ஒட்டி ஒரு வாரம் முப்பத்தஞ்சு எம்.எம்.லயே எடு, அடுத்த வாரம் அம்பதுலயே எடு, எது கைக்குப் படியுதோ அதை வாங்குன்னு. எனக்கு அம்பது படிஞ்சுது. ஒன் பாயிண்ட் எய்ட் வரைக்கும் தொறக்கற லென்ஸ் வாங்கினேன். முழுசா தொறந்து வெச்சா ஆளு மட்டும் பளிச்சுன்னு வரும், முன்னாடி பின்னாடி எல்லாம் மங்கிடும்.

வளைகாப்புக்கு போட்டோகிராஃபரே வேண்டாம், நான் பாத்துக்கறேன்னு ஜம்பமா சொல்லிட்டேன். காலைல பதினோரு மணி, ஜன்னல்ல நல்ல வெளிச்சம். கவிதாவை நடு ஹால்ல சேர் போட்டு உக்கார வெச்சு, அக்கம்பக்கத்து தமிழ்க்காரங்க, மராத்திக்காரங்க எல்லாம் மாத்தி மாத்தி வளையல் போட்டாங்க. நூறு போட்டோவுக்கு மேல எடுத்திருப்பேன். சாயங்காலம் லேப்டாப்ல போட்டுப் பாத்தா ஒண்ணுல கூட கவிதா மூஞ்சி தெளிவா இல்லை.

குல்கர்ணிக்கு அனுப்பினேன். "அரே, ஒன் பாயிண்ட் எய்ட்ல எடுத்தா கொஞ்சம் அசைஞ்சாலே ஃபோகஸ் தப்பும், இது கூடத் தெரியாதா"ன்னு ஹிந்தில திட்டினான். நியாயம்தான். ஆனா நான் விடற ஆளா? பெருசு பண்ணிப் பாத்தேன். தப்பினா அங்கங்க தப்பணுமில்லீங்க? இங்க எல்லாத்துலயும் ஒரே எடம்தான் ஷார்ப்பா இருக்கு. தரையில டைல்ஸ் கோடு தெரிஞ்சுது, அதை வெச்சு எண்ணினேன். கவிதாவுக்கு எடது பக்கம், ஒரு டைல் பின்னாடி. அங்க யாருமே இல்லை, வெறும் தரை. நான் சுத்திச் சுத்தி வந்து எடுத்தது, எந்தப் பக்கமிருந்து எடுத்தாலும் ஃபோகஸ் அந்த டைல்லயே வந்து நிக்குது.

லென்ஸ் கோளாறா இருக்கும்னு ஸ்கேலை வெச்சு எடுத்தேன், குக்கரை வெச்சு எடுத்தேன். துளி தப்பலை. கவிதாவை உக்கார வெச்சா மட்டும் தப்புது.

"ஏனுங்க, அப்படி என்னத்தத் தேடறீங்க?"ன்னு கவிதா வந்தா. மறைக்க முடியலை, காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தா.

"இருந்தப்பவும் போட்டோன்னா அக்கா என் பக்கத்துல நிக்க மாட்டா. எனக்குப் பின்னாடி போய்த்தான் நிப்பா, எடது பக்கமா"ன்னா. அழுகலை. "நின்னுட்டுப் போகட்டும் விடுங்க"ன்னு மட்டும் சொன்னா.

நான் எப்படிங்க விடறது? நிக்கறது காவலுக்கா, கூட்டிட்டுப் போறதுக்கான்னு மிச்சமிருந்த ரெண்டு மாசமும் எனக்கு சோறு எறங்கலை.

ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. பொண்ணு. தாயும் புள்ளையும் நல்லா இருந்தாங்க. வீட்டுக்கு வந்த அன்னிக்கே அதே லென்ஸ்ல கவிதாவை எடுத்தேன், கண் இமை முடி ஒவ்வொண்ணும் எண்ணிடலாம், அவ்வளவு தெளிவு. அப்பாடான்னு கேமராவை மூடி வெச்சுட்டேன்.

பாப்பாவுக்கு இப்ப ரெண்டு வயசு. வீட்டு ஹால்ல உக்காந்து வெளையாடறப்ப எத்தனையோ தடவை எடுத்துப் பாத்துட்டேன். வேற லென்ஸ்ல நல்லா வர்றா. அந்த அம்பதுல மட்டும் இன்னிக்கும் பாப்பா மூஞ்சி மங்கலாத்தான் வருது. ஷார்ப்பா வர்றது எடது பக்கம், அவளுக்கு ஒரு டைல் பின்னாடி.