தொட்டில் விருந்தில் ஓர் ‘இல்லை’

சனோபர் அக்காவின் செருப்புகளில் இடதுகால் செருப்பு மட்டும் நுனியில் தேயும். மற்றவர்களுக்குக் குதிகால் பக்கம் தேய்கிற இடத்தில் அவளுக்குத் தோல் புத்தம் புதிதாக இருக்கும். கட்டைவிரல் இருக்கும் இடத்தில் மட்டும் ஓட்டை விழுந்திருக்கும்.

அப்படி ஒரு செருப்பை இருபது வருடங்களாக என் வகுப்பு மேசையில் வைத்திருக்கிறேன். அவளே கொடுத்ததுதான். “பழசைத் தர்றேன், பதிலுக்குப் புதுசு வாங்கிக் குடு” என்று பேரம் பேசித்தான் கொடுத்தாள். ஒவ்வொரு ஆண்டும் மாணவர்களிடம் அதைக் காட்டி, இதை அணிந்தவருக்கு எந்த நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பேன். யாராவது ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார்: பெரோனியல் நரம்பு, பாதத்தை மேலே தூக்கும் தசைகள் செயலிழந்துவிட்டன, நடக்கும்போது விரல் தரையில் உரசும். சரி என்று சொல்லி முழு மதிப்பெண் போடுவேன். அந்த நரம்பு எப்படிப் போனது, போன பிறகு அந்தக் காலோடு ஒருத்தி என்ன செய்தாள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. இந்த ஏப்ரலில் சனோபர் அக்கா இறந்துவிட்டாள். யாரும் கேட்காவிட்டாலும் நான் சொல்லப்போகிறேன்.

அவள் என் கணவர் இல்ஹோமின் அக்கா. ஆறு பிள்ளைகளில் மூத்தவள். பிறக்கும்போதே இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமில்லாமல் இருந்தது. அதுவே பெரிய விஷயமில்லை. முதல் மாதங்களில் குழந்தையின் தொடைகள் விரிந்து, முழங்கால்கள் மடங்கித் தவளை போலக் கிடந்தால், தொடை எலும்பின் தலை கிண்ணத்துக்குள் அழுந்தி அழுந்தி அதை ஆழமாக்கிக்கொள்ளும். ஆனால் எங்கள் உஸ்பெக் வீடுகளில் குழந்தையைத் தவளை போலக் கிடக்க விடுவதில்லை. தொட்டிலில் நீட்டிப் படுக்கவைத்து, கால் இரண்டையும் சேர்த்துப் பட்டையால் கட்டிவிடுவோம். குழந்தை உதறிக்கொண்டு எழாது, சிறுநீர் தொட்டிலுக்கு அடியில் குழாய் வழியே போய்விடும், படுக்கை நனையாது, தாய் வயலுக்குப் போகலாம். சனோபர் ஒன்றரை வருடம் அப்படிக் கிடந்தாள். எழுந்து நடந்தபோது வாத்து போல நடந்தாள்.

பதினைந்து வயதில் தாஷ்கண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குள் எலும்பின் தலை இடுப்பில் ஐந்து சென்டிமீட்டர் மேலே ஏறிப்போய் இருந்தது. கீழே இழுத்துக் கிண்ணத்தில் வைத்தார்கள். எலும்பு கீழே வந்தது. பதினைந்து வருடமாகக் குட்டையாகவே வளர்ந்திருந்த சயாட்டிக் நரம்பு கூடவே இழுபட்டது. மயக்கம் தெளிந்தபோது பாதம் தொங்கிவிட்டது. மூட்டும் நிலைக்கவில்லை, சில வருடங்களில் மறுபடி நழுவி, மடங்கியபடியே இறுகிப்போனது. அறுவை சிகிச்சை நடந்த அந்தக் குளிர்காலம் வீட்டில், தணல் நிரப்பிய குழிக்கு மேல் போட்ட கணப்பு மேசைக்கடியில் காலை நீட்டித் தூங்கியவளுக்குத் தணல் பட்டுப் பாதத்தின் மேல்தோல் வெந்தது தெரியவேயில்லை. நாற்றம் வந்துதான் என் மாமியார் எழுப்பினாராம்.

“அன்னிக்குத்தான் முடிவு பண்ணினேன்” என்று பின்னாளில் அக்கா சொல்வாள். “எனக்கே தெரியாம என் கால் வேகுதுன்னா, இனிமே எல்லாத்தையும் கண்ணால பாத்துக்கிட்டேதான் இருக்கணும்னு.”

மாவட்ட மருத்துவமனையில் மாவுக்கட்டு அறை உதவியாளர் வேலைக்குப் போனாள். தகுதிக் குழுவில் இருந்த ஒருவர், “நொண்டிக்கிட்டு வாளி தூக்குவியாம்மா?” என்று கேட்டாராம். “நொண்டிக்கிட்டு வந்த நோயாளிய நீங்க வாளி தூக்கச் சொல்வீங்களா? நான் நோயாளி இல்ல, வேலைக்கு வந்திருக்கேன்” என்று பதில் சொல்லியிருக்கிறாள். வேலை கிடைத்தது. முப்பத்தேழு வருடம் மாவு குழைத்தாள்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனது ஆண்டிஜானில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது. என் பெயரை அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. “டாக்டரம்மா, தேநீர் ஆறுது.” “டாக்டரம்மா, வெங்காயம் நறுக்கறது அறுவை சிகிச்சை இல்ல, சட்டுனு நறுக்கு.”

எண்பத்தெட்டில் என் மகள் ஷஹ்லோ பிறந்தாள். முப்பத்தெட்டாம் நாள் அவளைக் குளிப்பாட்டும்போது அக்கா முழங்கால்களை மடக்கித் தொடைகளை விரித்தாள். வலது தொடை படுக்கையைத் தொட்டது. இடது பாதியில் நின்றது. அவள் முகம் மாறியது.

“கை வெச்சுப் பாரு.”

வைத்தேன். விரலுக்கடியில் எதுவோ ‘டக்’ என்று உள்ளே போயிற்று. விட்டதும் வெளியே வந்தது. முந்தைய ஆண்டு தேர்வில் இந்தக் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தேன்.

“என்னது இது, சொல்லு.”

“மூட்டு நழுவுது அக்கா.”

“நாளன்னிக்குத் தொட்டில் விருந்து. நீ வகுப்புக்குப் போயிட்டா பகல் முழுக்க எங்கம்மா பார்ப்பாங்க. கட்டித்தான் போடுவாங்க.”

“விருந்து முடியட்டும் அக்கா. எங்க அப்பா அம்மா மார்கிலான்லேருந்து தொட்டில் வாங்கிட்டு வர்றாங்க. அவங்க முன்னாடி எப்படி...”

“விருந்து ஒரு நாள்ல முடியும். கட்டு ஒன்றரை வருஷம் முடியாது. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“நான் சொல்றேன்.”

நாற்பதாம் நாள் காலையில் என் பெற்றோர் தொட்டிலோடு வந்து இறங்கினார்கள். சிவப்பும் பச்சையுமாக வர்ணம் அடித்த மரம், அதற்கு என் அம்மா பொன்னூலில் தானே பூத்தைத்த வெல்வெட் பட்டைகள். வாசலில் எல்லார் நெற்றியிலும் வெள்ளை மாவு பூசினார்கள். உள்ளே விரிப்பில் வாதுமை, உலர்ந்த திராட்சை, ரொட்டி அடுக்குகள். ஐம்பது பெண்கள் இருந்திருப்பார்கள். நான் காலையிலிருந்து மாமியாரிடம் மூன்று முறை போனேன். மூன்று முறையும், “என்னம்மா?” என்றார். மூன்று முறையும், “தேநீர் போதுமா அத்தை?” என்றேன்.

தெருவிலேயே அதிகம் பிள்ளை பெற்றவர் என்பதால் குழந்தையைக் கிடத்துகிற உரிமை ஹமீதா பெரியம்மாவுக்கு. வழக்கம்போல முதலில் வேண்டுமென்றே கால்மாட்டில் தலையை வைத்துக் கிடத்தினார்.

“இப்படியா?”

“இல்லை!” என்று எல்லோரும் கத்தினோம்.

அடுத்து குறுக்காகக் கிடத்தினார். “இப்படியா?”

“இல்லை!”

“ஐயோ, பத்துப் பெத்தும் எனக்குத் தெரியலையே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு சரியாகக் கிடத்தி, கைகளை நீட்டிக் கட்டி, கால்களைச் சேர்த்துப் பிடித்து இழுத்து, பொன்னூல் பட்டையைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

“இப்படியா?”

“ஆமா!”

அந்த ‘ஆமா’ அடங்கியதும் பின்னாலிருந்து ஒரு குரல். “இல்லை.”

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி சிரித்தாள். “நடையிலதான் சனோபர் ஒரு அடி பின்தங்குவான்னு நினைச்சேன், கூச்சல்லயுமா?”

“பின்தங்கினாலும் வந்து சேர்ந்துட்டேன்ல” என்று அக்கா எழுந்து வந்தாள். முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தை எறிந்து வைக்கிற அவளுடைய அந்த நடையில். “கால்கட்டை அவிழுங்க பெரியம்மா.”

“விளையாட்டு முடிஞ்சுதுடி. உக்காரு.”

“விளையாடல. இந்தப் பிள்ளைக்கு இடது மூட்டு நழுவுது. இப்படிக் கட்டினா வெளியிலயே நின்னுடும்.”

என் அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. “எங்க தொட்டில்ல என்னம்மா குறை கண்டே?”

“தொட்டில் அழகா இருக்கு. பட்டைதான் வேண்டாம். கால் மட்டும் சும்மா கிடக்கட்டும்.”

மாமியார் எழுந்தார். “விருந்தாளி முன்னாடி என்னடி பேச்சு இது? இந்த வீட்டுல ஆறு பேரைக் கட்டி வளர்த்தேன். அஞ்சு பேர் மான் மாதிரி ஓடினாங்க.”

“மிச்சம் ஒருத்தி நான்மா.”

அக்காவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அதுவரை அவள் தன் காலைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பதை மாமியாரின் முகத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

“அது அல்லா எழுதினது” என்றார் மாமியார். குரல் இறங்கிவிட்டது.

“பாதி அவன் எழுதினான், பாதி கட்டினோம். அப்ப உனக்குத் தெரியாது, அதனால உன்மேல தப்பு இல்ல. இப்பத் தெரியும். தெரிஞ்சும் கட்டினா அது வேற.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “டாக்டரம்மா, நீயே சொல்லு. படிச்சவ சொன்னா கேப்பாங்க.”

ஐம்பது முகங்கள் என்னைப் பார்த்தன. கிண்ணத்தின் விளிம்பு, எலும்பின் தலை, தசைநார் எல்லாம் படத்தோடு என் நினைவில் இருந்தன. என் அம்மா தைத்த பொன்னூல் பூக்களைப் பார்த்தேன். மாமியாரைப் பார்த்தேன். பிறகு தேநீர்க் குடுவையைப் பார்த்தேன். நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா அதிக நேரம் காத்திருக்கவில்லை. இரவுப் பணி முடிந்து நேராக வந்திருந்ததால் அவள் பையில் மாவுக்கட்டு வெட்டும் கத்தரி இருந்தது. குனிந்து, குழந்தையின் கணுக்காலுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரலைக் கொடுத்து, ஒரே வெட்டில் அறுத்தாள். ஷஹ்லோ உடனே இரண்டு முழங்காலையும் வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொண்டாள்.

மாமியார் அறைந்தார். மாவு பூசிய நெற்றியோடு அக்கா அப்படியே நின்றாள்.

“அடிச்சாச்சா? சரி. இப்பப் பாருங்க எல்லாரும். எதிர் சுவர் வரைக்கும் நடந்து காட்டறேன். இப்படி நடக்கட்டும்னு யாருக்காவது ஆசை இருந்தா வந்து கட்டுங்க.”

நடந்தாள். வாதுமைத் தட்டுகளுக்கு இடையே, விரிப்பில் விரல் நுனி உரச, ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒருபக்கம் சாய. சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பியும் நடந்தாள். யாரும் கட்ட வரவில்லை. சாப்பிடவும் யாரும் இல்லை. அன்று மாலையே அவளை வீட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். இல்ஹோம் வாசல்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் அதற்கும் போகவில்லை.

மறுநாள் காலை மாமியார் பழைய துணிப்பட்டை ஒன்றை எடுத்துத் தொட்டிலில் கோத்துக்கொண்டிருந்தார். நான் குழந்தையைச் சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். மருத்துவமனையில் அக்கா மாவு குழைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குழந்தையை வாங்கி மேசையில் கிடத்தினாள்.

“கையைக் கழுவிட்டுப் பிடி” என்றாள்.

மருத்துவர் சோதித்துவிட்டு முழங்கால்களை மடக்கித் தொடைகளை விரித்து வைக்கும் வார் போட வேண்டும் என்றார். அந்த அளவில் வார் கையிருப்பில் இல்லை. அக்கா பழைய இடுப்புப் பட்டையும் துணியும் வைத்து மதியத்துக்குள் தைத்துவிட்டாள். தோளிலிருந்து கால்வரை, சேணத்தில் தொங்கும் கால்வளையம் மாதிரி. அன்றிலிருந்து ஏழு மாதம் தினமும் வகுப்புக்குப் போகும் வழியில் குழந்தையை மாவுக்கட்டு அறையில் விட்டேன். பால் கொடுக்க இடைவேளையில் ஓடுவேன். கை முறிந்து வந்தவர்கள் எல்லாம், “தவளைக்குட்டி எப்படி இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். ஒருநாள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

“அதை வெச்சுக்க” என்றாள். “ஒருநாள் தேவைப்படும். இப்ப அந்த வாளியை எடு.”

ஒன்பதாம் மாத எக்ஸ்ரேயில் எலும்பின் தலை கிண்ணத்துக்குள் இருந்தது. பதினான்காம் மாதம் ஷஹ்லோ நடந்தாள். மாமியார் பின்னாலேயே குனிந்து போய், இரண்டு இடுப்பும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த வாரம் தானே மருத்துவமனைக்குப் போய் மகளைக் கூட்டிவந்தார். அடுத்த பிள்ளைகளுக்குத் தொட்டிலில் கால்பட்டை இல்லை, தொடைகளுக்கு நடுவே ஒரு தலையணை. தெருவில் அதைப் பார்த்துச் சில வீடுகள் செய்தன. பல வீடுகள் செய்யவில்லை. இன்றும் வாரத்துக்கு ஒரு குழந்தை என்னிடம் வருகிறது, தாமதமாக.

செயற்கை மூட்டு வைக்கலாம் என்று நான் பலமுறை கெஞ்சினேன். “இந்த இடுப்போட சண்டை போட்டே பழகிட்டேன். புது ஆளோட என்னால முடியாது” என்பாள். இதயம்தான் நின்றது, தூக்கத்தில்.

உடலைக் குளிப்பாட்ட வந்த பெண்மணிகள் இருவர். உதவிக்கு நானும் ஷஹ்லோவும். இடது பாதத்தில் அந்தத் தணல் தழும்பு, பளபளப்பாக, ரோமம் இல்லாமல் இருந்தது. அதில் நான் தண்ணீர் ஊற்றினேன். துணி சுற்றுவதற்கு முன் மூத்தவர் இடது முழங்காலைப் பிடித்து அழுத்தினார். அது நேராக வராது. ஐம்பது வருடமாக மடங்கி இறுகிய இடுப்பு மூட்டு. இன்னும் அழுத்தினார். உள்ளே எங்கோ கரகரத்தது. இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்துத் துணிப்பட்டையை எடுத்தார்.

“நேரா வெச்சுக் கட்டினாத்தான் அழகா இருக்கும்” என்றார்.

“இல்லை” என்றேன்.

“என்னம்மா?”

“அழுத்தாதீங்க. கட்டவும் வேண்டாம். கால் எப்படி இருக்கோ அப்படியே துணி சுத்துங்க.”

“வழக்கம்னு ஒண்ணு இருக்கே மகளே. எத்தனை பேரைக் குளிப்பாட்டியிருக்கேன், யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல. வெளியில ஆம்பளைங்க காத்திருக்காங்க.”

“காத்திருக்கட்டும். இந்தக் காலைக் கட்டினது போதும்.”

அவர் என்னையும், பிறகு ஷஹ்லோவையும் பார்த்தார். ஷஹ்லோ வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் என் கையை அக்காவின் முழங்கால் மேல் வைத்து, அவர் அந்தப் பட்டையைச் சுருட்டிக் கூடைக்குள் போடும்வரை எடுக்கவில்லை.