புத்தகம் பார்த்துக் கட்டிய அடுப்படி

என் மனைவி கேட்டது ஒரு சின்ன வேலை. அடுப்புக்கு நேர் மேலே இருந்த இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டு, புகை வெளியே போக ஒரு வழி செய்து தர வேண்டும். கொத்தனாருக்கு அரை நாள் ஆகும். அதை இரண்டு மாத வேலையாக்கி, இருந்த அடுப்படியையும் இல்லாமல் செய்த பெருமை முழுக்க என்னுடையது.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய தங்கையை அந்தத் தை மாதம் வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். அக்கா தங்கைக்குப் பெற்றோர் இல்லாததால் திண்டுக்கல்லில் எங்கள் வீடுதான் பிறந்த வீடு. மறுவீட்டு விருந்தன்று என் மனைவி ஈர விறகோடு மல்லாடிவிட்டு, சிவந்து வீங்கிய கண்களோடு பந்தி பரிமாறினாள். மாப்பிள்ளையின் தாயார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அந்த அம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு போய்ச் சேருவதற்குள், “பொண்ணோட அக்காவுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை, அழுதுகொண்டேதான் சோறு போட்டாள்” என்ற செய்தி வத்தலக்குண்டில் பாதித் தெருக்களைச் சுற்றிவிட்டது. தங்கை மாமியார் வீட்டில் இதற்குப் பதில் சொல்லியே களைத்துப் போனாள்.

“தலையாடிக்கு மாப்பிள்ளை வாராருங்க. இந்தத் தடவையாச்சும் நான் கண்ணைக் கசக்காமச் சோறு போடணும். ரெண்டு ஓட்டைப் பிரிச்சு விட்டாப் போதும்” என்றாள் மனைவி. கல்யாணமான பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆடி முதல் தேதி அழைத்து, தேங்காய்ப்பால் கொடுத்து விருந்து வைக்கிற நாள் அது. அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். பேரரசுகள் எதனால் சரிந்தன என்று கேட்டால் ஏழு காரணம் சொல்வேன். ஓடு எதனால் சரிகிறது என்று கேட்டால் கொத்தனாரைக் கைகாட்டுவேன். அப்படியே கைகாட்டிவிட்டு விலகியிருக்க வேண்டும். என் கெட்ட நேரம், வாசகசாலையில் வீட்டு நிர்வாகம் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகம் அகப்பட்டது. அட்டை போய்விட்டிருந்ததால் எழுதியவர் யார், எந்த ஊர்க்காரர் என்றெல்லாம் தெரியவில்லை. ஆனால் ஆள் அடித்துப் பேசுகிறவர். தரையில் உட்கார்ந்து சமைப்பது காட்டுமிராண்டித்தனம். மேடை கட்டி, நின்றுகொண்டு சமைக்க வேண்டும். மேடை, சமைப்பவரின் முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே இருக்க வேண்டும். புகைபோக்கி மேற்குச் சுவரில் அமைய வேண்டும். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, நீல மையிலும் சிவப்பு மையிலும் படம் வரைந்தேன். பழைய தரையடுப்பை உடைக்கச் சொன்னேன்.

கொத்தனார் ஒல்லியான மனிதர். வாயில் எந்நேரமும் வெற்றிலை இருக்கும். படத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“படம் சோக்கா இருக்கு சார். ஆனா மேக்குச் சுவத்துல மட்டும் புகைக்கூண்டு வைக்காதீக. ஆடிக்காத்து அம்புட்டும் அது வழியா உள்ள இறங்கிரும்.”

“புத்தகத்துல மேற்குன்னுதான்யா போட்டிருக்கு.”

“புத்தகம் எழுதினவரு ஆடி மாசத்துல திண்டுக்கல் பக்கம் வந்திருக்காரா?”

மக்குக் கேள்வி கேட்கும் பையன்களுக்கென்று நான் தனியாக ஒரு புன்னகை வைத்திருந்தேன். அதை அவருக்குக் கொடுத்தேன். “காற்றோட்டம்கிறது ஒரு சயின்ஸ்” என்றேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். ‘உன் வீடு, உன் தலையெழுத்து’ என்பதை அதைவிட மரியாதையாக யாராலும் சொல்ல முடியாது.

“சரி சார். அம்மாவுக்கு முழங்கை உசரம் என்ன?”

மனைவி கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். கொத்தனாரும் சித்தாள்களும் பார்த்திருக்க, மனைவியை வெளியே கூப்பிட்டுக் கையை மடக்கச் சொல்லி அளவெடுப்பது எங்கள் தெருவில் நடக்கிற காரியமில்லை. “ஒரு நூலைக் கொடுங்க, உள்ள வச்சு நானே அளந்து தாரேன்” என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “வேண்டாம் வேண்டாம், எனக்குத் தெரியும்” என்றேன்.

என்ன தெரியும்? பதின்மூன்று வருடமாக அவளை அடுப்பின் முன்னால் உட்கார்ந்தபடிதான் அதிகம் பார்த்திருக்கிறேன். தெருவில் போனால் எனக்குப் பத்தடி பின்னால் வருவாள். அவள் குரலை வைத்துப் பார்த்தால் என்னைவிட உயரமாக இருப்பாள் என்றுதான் என் மனதில் ஓர் எண்ணம். அவள் முழங்கை என்னுடையதற்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கும் என்று கணக்குப் போட்டு, என் முழங்கையையே மடக்கிக் காட்டி, “இதுல ரெண்டு விரற்கடை குறைச்சுக்கங்க” என்றேன். கொத்தனார் என்னைக் காலிலிருந்து தலைவரை ஒரு தடவை பார்த்தார். எனக்கு உயரம் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அவளுக்கு ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு என்பது மேடை காய்ந்த பிறகு தெரிந்தது.

ஆனி மாதம் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். மேடைமேல் அடுப்பு, அடுப்புமேல் பானை. என் மனைவி எதிரே போய் நின்றாள். பானையின் வாய் அவள் நெற்றிக்கு நேராக இருந்தது. என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“ஏங்க, பால் பொங்கிருச்சான்னு பாத்துச் சொல்லுங்க.”

நான் எட்டிப் பார்த்து, “இன்னும் இல்லை” என்றேன்.

“இனிமே சோறு வெந்துச்சா, குழம்பு கொதிச்சுச்சான்னும் நீங்கதான் பாத்துச் சொல்லணும். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுருங்க.”

சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்த கொத்தனார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவர் முதுகு குலுங்கியது.

அவரே பரிகாரமும் சொன்னார். மேடை ஓரமாகத் தரையில் ஒரு படி கட்டினோம். படியில் ஏறினால் அவள் கை பானைக்கு எட்டியது. ஆனால் உப்பு ஜாடிக்குத் திரும்பும்போதெல்லாம் கீழே படி இருப்பது மறந்து, ஒரு நாளைக்கு நாலு தடவை தடுமாறினாள். இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. புகையும் ஒழுங்காக மேலே போயிற்று. “பார்த்தீரா?” என்று கொத்தனாரைக் கேட்டேன். “இன்னும் ஆடி பொறக்கலையே சார்” என்றார்.

ஆடி பிறந்தது. முதல் பஸ்ஸிலேயே தங்கையும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். நாங்கள் அழைத்தது இருவரைத்தான். மாப்பிள்ளையின் தாயாரும் கூட வந்திருந்தார். என் மனைவியின் கண்களைச் சோதித்துப் பார்க்கத்தான் வந்திருப்பார் என்று எனக்குப் பட்டது. கையில் ஒரு சீப்புச் சிறுமலை வாழைப்பழம்.

அவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது காற்று கிளம்பியது. அது வீசிய வேகத்தில் தெருவில் சைக்கிள் ஒன்று சாய்ந்தது. அடுத்த நிமிடம் அடுப்படிக்குள் மொத்தப் புகையும் திரும்பி வந்தது. நெருப்பும் புகையும் சாம்பலுமாக, புகைபோக்கி வெளிக்காற்றை உள்ளே ஊதித் தள்ளியது. தன் ஊரில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று புத்தகக்காரர் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று நானும் அவருக்குச் சொல்லவில்லை. தப்பு இருவர்மேலும்தான்.

என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். கூடத்தில் மாப்பிள்ளையின் தாயார் பேசிக்கொண்டிருக்கும் குரல் கேட்டது. வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். பார்வை என் அறையில் போய் நின்றது.

கிழக்குப் பார்த்த ஜன்னல் உள்ள சின்ன அறை அது. வீடே ஆடினாலும் அங்கே காற்று எட்டாது. நான் புத்தகங்களோடு குடியிருந்த இடம். திருத்தாத பரீட்சைத் தாள்கள் மேஜைமேல் கிடந்தன.

“அத எடுங்க” என்றாள்.

“பரீட்சைத் தாளு…”

“பயலுக பாசாவானுக, எடுங்க.”

எடுத்தேன். பக்கத்து வீட்டுத் தோல்மண்டிக்காரர் வீட்டில் ஒரு கரியடுப்பு கடன் வாங்கி, எங்களுடையதையும் சேர்த்து இரண்டையும் செங்கல்மேல் வைத்து என் மேஜையில் ஏற்றினாள். சூடான குழம்புச் சட்டியை இறக்கி வைக்கத் தட்டையாக ஏதாவது கேட்டாள். கையில் அகப்பட்ட தடித்த புத்தகத்தைக் கொடுத்தேன். அட்டையில்லாத அந்த ஆங்கிலப் புத்தகம்தான். அது அதுவரை செய்த உபகாரங்களிலேயே உருப்படியானது அதுதான்.

அவள் மேஜைமுன் நின்று கரண்டியைக் கையில் எடுத்தபோதுதான் நான் கவனித்தேன். மேஜை, அவள் முழங்கைக்குச் சரியாக நாலு விரற்கடை கீழே இருந்தது.

நான் அடுப்படிக்குள் போய் எரிகிற விறகை இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு வந்தேன். பன்னிரண்டு மணிக்கு இலை போட்டாயிற்று. என் மனைவி தலைவாரிப் பூவைத்து, தெளிந்த முகத்தோடு தேங்காய்ப்பால் பாயசம் பரிமாறினாள். மாப்பிள்ளையின் தாயார் அவள் கண்களை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு பந்தியின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

“ஏம்மா, ஒன் வீட்டுக்காரருக்கு என்ன கொறை? கண்ணு ரெண்டும் கோவைப்பழமா செவந்து, தண்ணியா ஊத்துது?”

தங்கை பயந்து அக்காவைப் பார்த்தாள். அக்கா அசரவில்லை.

“அவுகளுக்குக் கொழுந்தியா மேல அம்புட்டுப் பாசம் அத்தை. அவ வந்து நின்னாப் போதும், தாங்க மாட்டாக.”

மாப்பிள்ளையின் தாயார் மனமிளகி, தனக்கு வைக்க வந்த வடையை என் இலையில் வைக்கச் சொன்னார். அதன் பிறகு வத்தலக்குண்டில் என்னைப் பற்றி நிலவும் நல்ல பெயருக்கு ஆடிக்காற்றுதான் காரணம்.

மறுநாள் கொத்தனார் வந்தார். இந்த முறை அவர் யாருடைய முழங்கையையும் கேட்கவில்லை. என் மனைவி, இட்லி மாவு ஒட்டிய கையோடு என் அறைக்குள் போய், சுவரில் ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தாள். “இம்புட்டு உசரம்” என்றாள். “இதுதாம்மா பிளானு” என்றார் கொத்தனார். கிழக்கு ஜன்னலுக்கு மேலே புகைபோக்கிக்கு இடம் பார்த்தார்.

என் புத்தகங்கள் பழைய அடுப்படிக்குக் குடிபோயின. என் உயரத்துக்குக் கட்டிய மேடை எனக்கு மிகவும் பொருந்தியது. இன்றைக்கும் அதன்முன் நின்றுதான் எழுதுகிறேன். ஆடி மாதத்தில் மட்டும் புகைபோக்கி வழியாகக் காற்று இறங்கித் தாள்களைப் பறக்கடிக்கும். அப்போது பக்கத்து அறையிலிருந்து, “ஏங்க, புத்தகத்தை எடுத்து மேல வைங்க” என்று குரல் வரும். குழம்புக்கறை படிந்த அந்தப் புத்தகத்தைத் தாள்கள்மேல் வைப்பேன். நல்ல கனம்.