காணாமல் போனவர் எந்த லிமிட்?

போன வாரம் என்னைக் கைது செய்துவிட்டார்கள்.

பதறாதீர்கள். காலையில் பிடித்து, சாயங்காலம் விட்டுவிடுகிற கைதுதான். கல்யாண மண்டபம், ஃபேன், மதியத்துக்குத் தக்காளி சாதப் பொட்டலம்... கட்சிக்காரர்கள் மாமியார் வீடு மாதிரி போய் வருகிற இடம். ஆனால் நான் எந்தப் போராட்டத்துக்கும் போகவில்லையே! தலைநகரத்தில் ஒரு புகார் கொடுக்கப் போனேன். அதுகூட என் புகார் இல்லை. துணைக்குப் போனேன் — அவ்வளவுதான்.

நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் வேன் ஓட்டுகிற குமாரை எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணம், ஆஸ்பத்திரி, துக்கம் என்று எங்கே கிளம்பினாலும் எங்களுக்கு அவர் வேன்தான். அவருடைய அண்ணன் ஏழுமலை, கச்சிராயபாளையத்தில் இருக்கிறார். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. கரும்பு வெட்டு இருந்தால் ஊரில் இருப்பார். இல்லையென்றால் மெட்ராஸ் பக்கம் சென்ட்ரிங் வேலை. அவருக்கு வலிப்பு உண்டு. மாத்திரை தவறக்கூடாது.

மனுஷன் இந்தத் தடவை மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். “இங்கியே வாங்கிக்கிறேன்” என்று பெண்டாட்டியிடம் போனில் சொன்னதுதான் கடைசி. மறுநாளிலிருந்து போன் ஸ்விட்ச் ஆஃப். மேஸ்திரியைக் கேட்டால், “டீ குடிக்கப் போனாருங்க. திரும்பி வரல. சொல்லாம ஊருக்குப் போயிட்டாருன்னு நெனச்சேன்” என்கிறார். என்ன ஒரு அக்கறை!

ஏழுமலையின் மனைவி தனலட்சுமிக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. என் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு அழுதது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

“வலிப்பு வந்து வுழுந்தாருன்னா அவரு பேரே அவருக்குத் தெரியாது சார். குடிச்சிட்டு வுழுந்து கெடக்கறான்னு தாண்டிப் போயிடுவாங்க சார்... மெட்ராசுல யாரு சார் குனிஞ்சி பாக்கறது?”

சரி, போலீசுக்குப் போனார்களா? போனார்கள். ஊர்ப் பக்கத்து ஸ்டேஷனில், “ஆள் காணாமப் போனது மெட்ராஸ்ல. அங்க போய்க் குடுங்க” என்றார்கள். அண்ணியும் கொழுந்தனும் பஸ் பிடித்து அங்கே போனார்கள். கட்டட வேலை நடக்கிற இடத்து ஸ்டேஷனில் சொன்ன பதில்: “வேலை செஞ்ச இடம் எங்க லிமிட்தான். ஆனா கடைசியா அவரு டீ குடிச்ச கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். அது வேற லிமிட்.” ரோட்டைத் தாண்டினார்கள். அந்த ஸ்டேஷனில்: “டீக்கடை எங்களுதுதாம்மா. ஆனா ஆளு தங்கியிருந்த ஷெட்டு அவங்களுது. அங்கதான் வாங்கணும்.”

எங்கே புகார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லும்... அதைப் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு யார் சொல்வது?

இந்த லிமிட் சமாசாரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. தலைநகரத்துக்கு கமிஷனர் என்று ஒருவரை உட்கார வைத்தவன் வெள்ளைக்காரன். அவன் போன பிறகும் நாற்காலி அப்படியே இருந்தது. நகரத்துக்கு ஒரே கமிஷனர். சுற்றுவட்டாரமெல்லாம் பக்கத்து மாவட்டத்து எஸ்.பி. பொறுப்பு. நகரம் வீங்கியது. புறநகருக்குத் தனியாக ஒரு கமிஷனரைப் போட்டார்கள். அப்புறம் ‘வேண்டாம், ஒன்றாகவே இருக்கட்டும்’ என்று சேர்த்தார்கள். அப்புறம் சென்னை, தாம்பரம், ஆவடி என்று மூன்றாகப் பிரித்தார்கள். பிரித்தது ஜனங்களின் வசதிக்காகத்தான் — நான் நம்புகிறேன். ஆனால் ஒரு கூலிக்காரர் டீ குடிக்க எழுந்து போனால் எத்தனை எல்லையைத் தாண்டுகிறார் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

எங்கள் மாவட்டமும் விழுப்புரத்திலிருந்து பிரிந்ததுதான். ஆனால் எங்களுக்குக் கணக்கு சுலபம். இன்ஸ்பெக்டர், அவருக்கு மேலே டி.எஸ்.பி., அவருக்கு மேலே எஸ்.பி. கீழே வேலை நடக்கவில்லையா? நேரே எஸ்.பி. ஆபீஸ். அங்கே போனால் யாராவது ஒருவர் மனுவை வாங்கிக்கொள்வார்.

“மெட்ராஸ் எஸ்.பி. ஆபீஸ் எங்க சார் கீது?” என்றார் குமார்.

“மெட்ராஸுக்கு எஸ்.பி. கிடையாதுப்பா. ஏ.சி., டி.சி., ஜே.சி., அடிஷனல் கமிஷனர், அதுக்கு மேல கமிஷனர்.”

“இத்தினி பேரா! அப்ப மேல கீறவரையே பாத்துடலாம் சார். நீங்க பேப்பர்ல எழுதறவரு. சும்மா வந்து நில்லுங்க, போதும்.”

நாலு பேர் போனால் போதும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே! எங்கள் பக்கத்தில் யாரும் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போக மாட்டார்கள். தனியாகப் போனால் ‘இவனுக்கு ஆள் இல்லை’ என்று ஆகிவிடுமாம். அடிதடியோ, ஆடு காணோமோ — தெருவே திரண்டு போகும். விடியற்காலையில் நான் வேனில் ஏறினபோது உள்ளே கால் வைக்க இடமில்லை. என்னையும் சேர்த்துப் பதினேழு பேர்.

உளுந்தூர்பேட்டையில் டீக்கு இறங்கியபோதுதான் குமார் அந்த ஃப்ளெக்ஸைப் பிரித்துக் காட்டினார். நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட ஏழுமலை. மேலே ‘காணவில்லை’. சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர். கீழே வட்ட வட்டமாக உறவினர்கள் படம், ‘இவண்: கச்சிராயபாளையம் சொந்தபந்தங்கள்’.

“எதுக்குய்யா ரோஜாப்பூ?”

“டிசைன்ல இருந்துதுங்க. எடுத்தா காசு ஜாஸ்தின்னான்.”

தலையில் அடித்துக்கொண்டேன்.

கமிஷனர் ஆபீஸ் வாசல். மூன்றில் எது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இறங்கினோம். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காத்திருப்பது என்றால் உட்கார்ந்து காத்திருப்பது. மொத்தக் கூட்டமும் கேட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு பேர் ஃப்ளெக்ஸைத் தூக்கிப் பிடித்தார்கள். தனலட்சுமியைப் பார்த்து மற்ற பெண்களும் அழ ஆரம்பித்தார்கள். அப்புறம் என்ன? ஐந்து நிமிஷத்தில் ஜீப், பின்னாலேயே ஒரு போலீஸ் பஸ்.

“எந்த அமைப்பு?” — ஒரு பெண் இன்ஸ்பெக்டர்.

“அமைப்புலாம் இல்லிங்க மேடம். மாமன் மச்சான்ங்க” என்றார் குமார்.

“கூட்டம் கூட பெர்மிஷன் வாங்கினீங்களா?”

எங்கள் ஊரில் ‘கூட்டம் கூடாதே’ என்று உத்தரவு போட கலெக்டரோ ஆர்.டி.ஓ.வோ வேண்டும். தலைநகரத்தில் அந்த அதிகாரமும் கமிஷனரிடமே இருக்கிறது. கமிஷனர் வாசலில் கூடுவதற்கு கமிஷனரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்! இது தெரியாமல் நான் முன்னால் போய், “மேடம், நான் ஒரு எழுத்தாளர்...” என்று ஆரம்பித்தேன்.

“அப்ப நீங்கதான் தலைமையா? ஏறுங்க முதல்ல.”

எழுத்தாளனுக்கு இந்த நாட்டில் கிடைக்கிற முன்னுரிமை.

மண்டப வாசலில் டேபிள் போட்டு ஒரு ஏட்டு உட்கார்ந்திருந்தார். வரிசையில் ஒவ்வொருவராகப் பேர், ஊர் சொல்லச் சொன்னார். தனலட்சுமி முறை வந்தது.

“ஏழுமலை, கச்சிராயபாளையம்” என்றது அந்தப் பெண். ஏட்டு எழுதினார். “தனலட்சுமி” என்றது. அதையும் அடுத்த வரியில் எழுதினார்.

பின்னால் நின்ற எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாண மண்டப வாசலில் டேபிள், பேனா, உட்கார்ந்து எழுதுகிற ஆள்... எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது மொய் எழுதுகிற இடம். வீட்டுக்காரர் வந்திருந்தாலும் வராவிட்டாலும் அவர் பேர் முதலில் விழ வேண்டும். அழுது வீங்கின கண்ணோடு பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டது. சொல்லித் திருத்தலாமா என்று வாயைத் திறந்தேன். “தலைமை, பேசாம உள்ள போங்க” என்றார் ஏட்டு. போனேன்.

அன்று முழுக்க நாங்கள் சொன்னதை யாருமே காதில் வாங்கவில்லை. “அதெல்லாம் ஸ்டேஷன்ல சொல்லுங்க” — எல்லார் வாயிலும் இதே பாட்டு. ஐயா, ஸ்டேஷனில் வாங்கியிருந்தால் நாங்கள் ஏன் உங்கள் தக்காளி சாதத்தைத் தின்றுகொண்டிருக்கிறோம்?

சாயங்காலம் விடுவதற்கு முன் தலை எண்ணினார்கள். ஏட்டுக்கு முகம் வெளுத்தது. மறுபடி எண்ணினார். எழுதினது பதினெட்டு. இருப்பது பதினேழு.

“மேடம்! ஒரு ஆளு மிஸ்ஸிங்!”

மண்டபம் அல்லோலகல்லோலப்பட்டது. கதவைச் சாத்து, பாத்ரூமைப் பார், சமையல்கட்டைப் பார்... கஸ்டடியில் இருந்து ஒருவன் தப்பிப்பது என்றால் சும்மாவா? இன்ஸ்பெக்டர் அம்மாள் ஓடி வந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். ஒரு பேருக்கு மட்டும் ஆள் இல்லை. “யாருய்யா ஏழுமலை?”

தனலட்சுமி எழுந்து நின்றது. “எங்க வூட்டுக்காருங்க மேடம்.”

“எங்க போனாரு?”

“அதத்தான் மேடம் நான் அன்னியிலேர்ந்து கேட்டுக்கினு இருக்கறேன்!”

ஏட்டுக்கு விஷயம் விளங்கியதும் போன உயிர் திரும்பி வந்தது. “அட, வராத ஆளா... பேரை அடிச்சிட்டா சரியாப் போச்சு மேடம்” என்று பேனாவைத் திறந்தார்.

தனலட்சுமி பாய்ந்து வந்து அந்தப் பேப்பர் மேல் கையை வைத்துவிட்டது.

“அடிக்காதீங்க சார்! கால்ல வேணா வுழறேன். எந்த ஸ்டேசன்லயும் அவரு பேர எழுதிக்கல. இங்க ஒண்ணுலதான் எழுதிக்கீறீங்க. அவரு கெடைக்கற வரைக்கும் அது இருக்கட்டும் சார்...”

இன்ஸ்பெக்டர் அம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏட்டிடம், “பேனாவை மூடுய்யா” என்றார். சுவரில் சாய்த்து வைத்திருந்த ஃப்ளெக்ஸை முதல் தடவையாக முழுசாகப் படித்தார். “என்ன வயசு? என்ன சட்டை? உடம்புல அடையாளம் ஏதாவது?” — தனலட்சுமி சொல்லச் சொல்ல, வயர்லெஸ் மைக்கில் கன்ட்ரோல் ரூமுக்குச் சொன்னார். மூன்று கமிஷனரேட்டுக்கும் போனது.

நாங்கள் வேனில் ஏறக்கூட இல்லை, பதில் வந்துவிட்டது. ரோட்டில் விழுந்து தலையில் அடிபட்டு, ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கி வந்த ஒருவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பேர் தெரியாதவர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இடது கையில் தனம் என்று பச்சை. உயிர் இருக்கிறது. ரோட்டில் விழுந்தது ஒரு லிமிட், ஆஸ்பத்திரி இன்னொரு லிமிட். அவர்கள் ஆளைத் தேடவில்லை. இவர்கள் பேரைத் தேடவில்லை. மைக்கை எடுத்தால் முடிகிற வேலை, சார்! இதற்குப் பதினேழு பேர் கைதாக வேண்டுமா?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரைப் பார்த்ததும் தனலட்சுமி அழவில்லை. திட்டித் தீர்த்தது. “மாத்தரைய வெச்சிட்டுப் போற அளவுக்கு அப்படி இன்னா அவசரம் ஒனக்கு?” கட்டுப் போட்ட தலையோடு ஏழுமலை சிரித்தார். திட்டுவது யார் என்று அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். நான் வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அங்கேயே இருந்தபோது தனலட்சுமிக்கு ஒரு போன் வந்தது. அன்றைக்குப் புகாரை வாங்காமல் அனுப்பின அதே டீக்கடைப் பக்கத்து ஸ்டேஷன்; மைக்கில் செய்தி போனதும் கேஸை அவர்கள் தலையில் கட்டிவிட்டார்களாம். ஸ்பீக்கரில் போட்டார் குமார். “ஆள் கிடைச்சிட்டாராமே? ரிப்போர்ட் முடிக்கணும். இப்ப அவரு எந்த லிமிட்ல இருக்காரு?”

தனலட்சுமி போனை வாங்கிக்கொண்டது.

“எங்க வூட்டு லிமிட்டுல கீறாருங்க. வெச்சிடுங்க.”