மஞ்சள் பட்டையைப் பிரித்தவள்

வலது குதிகாலைப் பின்னால் விட்டுத் துழாவுகிறாள் சுனில்டா. ஏறி உட்கார்ந்தவரின் பாதம் கால்மிதியில் இருக்கிறதா, காற்றில் தொங்குகிறதா என்று அந்தக் குதிகாலே அவளுக்குச் சொல்லிவிடும். அப்புறம் இடது பக்கம். இரண்டும் சரியாக இருந்தால்தான் கிக்கரை மிதிப்பாள். "கால மேல வை மகளே. ஊஞ்சலா ஆடுற?" என்பாள், திரும்பிப் பார்க்காமலே. பங்குச் சாமியாராக இருந்தாலும் இதே கதைதான். "சாமி, அங்கியச் சுருட்டி மடியில வைங்க. சக்கரத்துல மாட்டுச்சுன்னா நம்ம ரெண்டு பேருக்கும் பூசை வைக்க வேற சாமியாரத் தேடணும்" என்று அவள் சொன்னதைக் கேட்டுச் சந்தை முனையே சிரித்தது.

கடலோர ஊரான பராஓனாவின் சந்தை முனையில் ஆள் ஏற்றி ஓட்டும் மோட்டார் சைக்கிள்காரர்களில் பெண் அவள் ஒருத்திதான். குட்டையான, அகலமான உடம்பு. வெயிலுக்கு மணிக்கட்டு வரை மூடிய ஆண்பிள்ளைச் சட்டை. அதன்மேல் ஓட்டிகள் சங்கத்தின் ஆரஞ்சு நிற மேல்சட்டை. அதன் முதுகில் ஏழாம் எண். அந்த எண் அவள் புருஷன் டார்சிசியோவுடையது. அவன் காய்ச்சலில் போன பிறகு, "பொம்பளைக்கு எதுக்கு நம்பரு?" என்று சங்கத்தில் பாதிப் பேர் முனகினார்கள். அன்றைக்கு எழுந்து நின்று, "எங்கண்ணன் நம்பர் எங்க அண்ணிக்குத்தான். எவனுக்காவது வயித்தெரிச்சலா இருந்தா எங்கிட்ட வா" என்று வாங்கிக் கொடுத்தவன் கொழுந்தன் ஓவிடியோ. இப்போது அவன்தான் சங்கத் தலைவன். கழுத்தில் விசில் தொங்கும். யார் முறை என்று ஊதிச் சொல்வதும் அவன்தான்.

அவள் ஹாரன் அடிக்க மாட்டாள். கத்துவாள். "ஹாரன் யாரு வேணா அடிப்பான். நான் கத்துனா சுனில்டா வர்றான்னு நாய்க்குக்கூடத் தெரியும்" என்பது அவள் கட்சி. உண்மைதான். அவள் குரல் கேட்டால் வெந்த வாழைக்காய் மசியல் விற்கிற தோமாசா சட்டியை ஓரமாக நகர்த்திக்கொள்வாள்.

சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் முடியைத் தலை நிறையப் பிளாஸ்டிக் உருளைகளில் சுற்றி, மேலே வலை கட்டிக்கொண்டுதான் நடமாடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை முடி படிந்து கிடக்க வேண்டும். அந்தத் தலைமேல் எந்த ஹெல்மெட்டும் இறங்காது. மற்ற ஓட்டிகள் வெறுந்தலையோடு ஏற்றிக்கொள்வார்கள். சுனில்டா எங்கேயோ தேடிப் பூசணிக்காய் அளவில் ஒரு ஹெல்மெட் பிடித்துவந்தாள். அதுவும் போதாமல் உள்ளே இருந்த பஞ்சையெல்லாம் வெட்டி எறிந்து, உருளைத் தலைகளுக்கென்றே கைப்பிடியில் மாட்டி வைத்திருந்தாள். பயிற்சி கொடுக்க வந்த ரெய்முண்டோ அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பஞ்சு இல்லாத ஹெல்மெட்டு வெறும் சட்டி, தங்கச்சி."

"சட்டியாவது இருக்கே அண்ணே. மத்தவன் வண்டியில அதுவும் இல்லையே."

வாய்தான் அப்படி. அடுத்த சனிக்கிழமை அவள் வண்டியில் பஞ்சோடு கூடிய இன்னும் பெரிய ஒன்று தொங்கியது. அதை அவரிடம் அவள் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை.

ரெய்முண்டோ நல்ல மனிதர். தலைநகரில் போக்குவரத்துப் போலீஸில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். அவருடைய அம்மாவும் சுனில்டாவின் அத்தையும் ஒரே நாளில், ஒரே துணியில் தைத்த கவுனில் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியவர்கள். அந்த வழியில்தான் இவளுக்கு அவர் அண்ணன் முறை. ஒரு டயர் கம்பெனி பணம் போட்டு, துறைமுகத்துக்குப் பக்கத்துக் காலி மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரை வைத்துச் சங்கத்தாருக்கு மேல்பயிற்சி நடத்தியது. ஏற்கனவே ஓட்டத் தெரிந்தவனுக்கு இன்னும் நன்றாக ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி. முன் பிரேக்கை அடிக்கக் கூடாது, எலுமிச்சம்பழத்தைப் பிழிகிற மாதிரிப் பிடிக்க வேண்டும். வளைவில் சக்கரத்துக்கு முன்னால் பார்க்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். வண்டியைச் சாய்க்கப் பயப்படக் கூடாது.

சுனில்டா முதல் ஞாயிறு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். கடைசி ஞாயிறு எல்லாரையும்விடக் குறைந்த தூரத்தில் நிறுத்தினாள், எல்லாரையும்விட வாகாகச் சாய்த்தாள். தேறியவர்களுக்கு மேல்சட்டையின் முதுகில் குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை தைத்துக் கொடுத்தார்கள். தெருவில் அதை முதலில் போட்டுக்கொண்டு போனபோது அவளும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தாள். அதை மறைப்பானேன்.

கோளாறு அதற்கப்புறம் வந்தது. ஊர்க்காரர்கள் அந்தப் பட்டையை வேறு மாதிரி படித்துக்கொண்டார்கள். தலைநகர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன், கடை திறக்க நேரமானவள், எல்லாரும் வரிசையைத் தாண்டி மஞ்சள் முதுகைத் தேடினார்கள். "பட்டை வாங்குன ஆளுதானே? அப்ப அழுத்து!" மெதுவாகப் போனால், "எதுக்குப்பா உனக்கு அந்த மஞ்சளு? வீட்டுச் சன்னலுக்குத் தைச்சுப் போடு" என்று நக்கல். ஓட்டிகளும் அழுத்தினார்கள். பாதுகாப்புக்கென்று கொடுத்த பட்டை ஒரே மாதத்தில் வேகத்துக்கான பட்டையாகிவிட்டது.

சுனில்டாவும் அழுத்தினாள். லா சியெனகா ஊருக்குப் போகிற கடலோரச் சாலையில் சுண்ணாம்பு வளைவு என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் மலை, அது நாள் முழுக்கப் பொடிக்கல்லை உதிர்த்துக்கொண்டே இருக்கும். மறுபக்கம் நேராகக் கடல். எத்தனையோ வருஷமாக அந்த வளைவு வந்தால் அவளுக்குப் பயம், கை தானாகவே வேகத்தைக் குறைக்கும். அன்றைக்கு மீன்காரி க்ருசிட்டாவைப் பின்னால் வைத்துக்கொண்டு, வளைவின் முடிவைப் பார்த்து, வண்டியைச் சாய்த்து, அம்பு மாதிரிக் கடந்தாள். "அடியே, பறக்குறடி நீ!" என்று க்ருசிட்டா முதுகில் ஓங்கி அடித்தாள். சுனில்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச தூரம் போனபிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பயம் வரவே இல்லை. ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கல் இருந்த இடத்தில்தான் கிடந்தது.

அதே கல்லில்தான் பின்னொரு நாள் அவள் தங்கை மகன் வில்கின் சறுக்கி விழுந்தான். அவனுக்கும் மஞ்சள் பட்டை. பின்னால் இருந்த லாட்டரிச் சீட்டு விற்கும் பெர்சியோவுக்கு முழங்கால் நொறுங்கிவிட்டது. வில்கினுக்கு இடுப்பு. மருத்துவமனைக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். சுனில்டா கோழிச் சாறு எடுத்துக்கொண்டு போனாள்.

"படிச்சதுனாலதான் பெரியம்மா தலை தப்பிச்சுது" என்றான் அவன். "வண்டிய மலைப் பக்கமாத் திருப்பிட்டேன்ல. பழைய வில்கினா இருந்தா கடல்ல கெடப்பேன்."

"நெசந்தான்டா. அந்தப் பழைய வில்கின் அங்க என்ன வேகத்துல போவான்?"

அவன் சாறைக் குடித்தான்.

"உன்னைத்தான்டா கேக்குறேன்."

"மாடு போற மாதிரி போவான்" என்றான் சுவரைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் பட்டப்பகலில், வரிசையில் நின்ற அத்தனை பேர் கண்ணெதிரே, முனையிலிருந்த நாவிதரிடம் பிளேடு வாங்கி, மேல்சட்டையைக் கழற்றிப் பெட்ரோல் டாங்க்மேல் விரித்து, தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். விசில் ஊதிக்கொண்டே ஓவிடியோ ஓடி வந்தான்.

"அண்ணி! என்ன காரியம் பண்ற?"

"பாத்தா தெரியல? பூ வேலை செய்யறேன்."

"விளையாடாத. திங்கக்கிழமை கம்பெனிக்காரன் படம் எடுக்க வர்றான். எல்லா முதுகும் மஞ்சளா இருந்தா எல்லாருக்கும் புது டயர் தர்றேன்னு சொல்லியிருக்கான். நம்ம பசங்க ஓட்டுற டயரப் பாத்தியா? வழுவழுன்னு என் மண்டை மாதிரி இருக்கு. மழை பேஞ்சா எத்தனை பேரு விழுவான்? அதுக்குப் பதில் சொல்லு."

பிளேடு நின்றது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளுடைய பின் டயரே வழுக்கைதான்.

"டயர் வாங்கு" என்றாள் கடைசியில். "டயர் வேணாம்னு நான் சொல்லல. ரெய்முண்டோ அண்ணன் பாடமும் வேணாம்னு சொல்லல. அது என் கையில இருக்கு, எவனும் பிரிக்க முடியாது. இந்தத் துணி மட்டும் வேணாம். இத முதுகுல பாத்துட்டு ஏர்றவன் என்னைய அழுத்தச் சொல்றான். அவன் சொன்னா எனக்கும் அழுத்தத் தோணுது. அதான் சொல்றேன், வேணாம்."

"உனக்குத் தோணுனா நீ அடக்கு!"

"நீ அடக்குறியா ஓவிடியோ? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். சிலர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு ரெய்முண்டோவே வந்தார். அவருக்கு மனசு நொந்துபோயிருந்தது. "நான் உங்களக் கெடுத்துட்டேன்னு சொல்றியா தங்கச்சி?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. நீங்க எங்களுக்கு நிறுத்தச் சொல்லிக் குடுத்தீங்க. நாங்கதான் அதப் பறக்கறதுக்கு எடுத்துக்கிட்டோம்."

"அப்ப நான் எதச் சொல்லிக் குடுத்திருக்கணும்?"

"எனக்கென்னண்ணே தெரியும்? பயத்த முழுசா எடுக்காதீங்க. கொஞ்சம் மிச்சம் வைங்க."

அவர் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஒப்புக்கொண்டதாகவும் தெரியவில்லை, மறுத்ததாகவும் தெரியவில்லை. போகும்போது அவள் முன் பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, கேபிளைக் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் போனார்.

சங்கம் கூடி முடிவெடுத்தது. பட்டையைத் திரும்பத் தைக்க வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை படம் எடுப்பதற்குள் ஏழாம் எண் மேல்சட்டையை ஒப்படைக்க வேண்டும், சந்தை முனையில் இனி அவளுக்கு இடம் இல்லை. கை தூக்கியவர்களில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்க்காமல் தூக்கினார்கள். மேல்சட்டை இல்லாமல் ஓட்டினால் அது திருட்டு ஓட்டம், போலீஸ்காரன் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அது அவளுக்கும் தெரியும். "உங்கள்ல பாதிப் பேருக்குக் கல்யாணத்தன்னிக்கு வண்டி ஓட்டுனவடா நான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

திங்கட்கிழமை காலை வரிசையில் அவள் இல்லை. தோமாசாவிடம் கேட்டதற்கு, "கடல் ரோட்டுப் பக்கம் போனா" என்றாள். ஓவிடியோ, மேல்சட்டையை வாங்கி வர, தானே கிளம்பினான். அவன் முதுகிலும் மஞ்சள். கம்பெனி வண்டி வந்துவிடுமே என்ற அவசரம் வேறு. சுண்ணாம்பு வளைவுக்குள் சாய்ந்து நுழைந்தவனுக்கு, வளைவு முடிகிற இடத்தில் பெருக்கிக் குவித்த கல்லும், அதன் பின்னால் தென்னந்துடைப்பத்தைக் குறுக்கே பிடித்தபடி நிற்கிற அண்ணியும் தெரிந்தார்கள்.

முன் பிரேக்கைப் பிழிந்தான். பின் சக்கரம் இரண்டு முறை உதறியது. வண்டி அவளுக்குக் கை எட்டுகிற தூரத்தில் நின்றது. அவள் நகரவில்லை.

"பைத்தியமா நீ! செத்திருப்ப!"

"நல்லாப் பிடிச்ச. ரெய்முண்டோ அண்ணன் பாத்தா சந்தோசப்படுவாரு." அவள் துடைப்பத்தை இறக்கவில்லை. "போன வருசம் இந்த வளைவுக்கு எந்த கியர்ல வருவ?"

அவன் மூச்சு வாங்கினான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"ரெண்டாவதுல."

"இன்னிக்கு?"

வண்டியை விட்டு இறங்கினான். காலடியில் கல் நெறுநெறுத்தது. கீழே கடல் பாறையில் மோதுகிற சத்தம் கேட்டது.

"எங்கண்ணன் நம்பரு அண்ணி அது. நான்தான் வாங்கிக் குடுத்தேன். என் கையாலயே திரும்ப வாங்க வைக்காத. தைச்சுக்கிட்டு வா. இல்லாட்டிக் கழட்டிக் குடு." கையை நீட்டினான்.

சுனில்டா அந்தக் கையைப் பார்த்தாள். பட்டை இருந்த இடத்தில் தையல் ஓட்டைகள் மட்டும் வரிசையாகத் தெரிய, ஏழாம் எண்ணோடு மேல்சட்டை அவள் உடம்பிலேயே இருந்தது. துடைப்பத்தை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டாள். பிறகு தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு, பட்டை இல்லாத அதே மேல்சட்டையோடு, சந்தை முனை வரிசையில் நிற்கப் போனாள்.